இறக்கையில் கால் வைக்கும் இடம்

சின்ன விமானம் ஒன்றின் படத்தை எடுத்துப் பாருங்கோ. இரண்டு பேரோ நாலு பேரோ இருக்கக்கூடியது, இறக்கை உடம்பின் அடிப்பக்கத்தில் பொருந்தியிருப்பது. இறக்கையும் உடம்பும் சேருகிற இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை தெரியும். மற்ற இடமெல்லாம் பளபளவென்று வெள்ளையோ சிவப்போ அடித்திருக்க, அது மட்டும் தார் ரோட்டுத் துண்டு மாதிரிச் சொரசொரவென்று கிடக்கும். உள்ளே ஏறுகிறவர் கால் வைக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட இடம் அது மட்டும்தான். ஆங்கிலத்தில் 'விங் வோக்' என்பார்கள். தமிழில் 'இறக்கை நடை' என்று எழுதிப் பார்த்தோம், கோழி நடக்கிற மாதிரி இருந்தது. அதால இந்தக் கட்டுரையில் கால்பட்டை என்றே சொல்லுறம்.

எங்கட ஆக்கள் விமானத்தைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் அது பெரும்பாலும் குண்டிலோ விசாவிலோதான் போய் முடியும். இது வேறு கதை. வீட்டுக் கராஜில், வேலை முடிஞ்ச பின்னேரங்களிலும் சனி ஞாயிறிலும் ஒரு விமானத்தைக் கட்டி, தானே அதில் ஏறிப் பறக்கிற ஆக்களின் கதை. அமெரிக்காவில் இது சட்டப்படி செய்யக்கூடிய காரியம். அந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. அந்த வரலாற்றை எஞ்சினில் தொடங்கி எழுதினவர்கள் கனபேர். நாங்கள் காலில் இருந்து தொடங்குறம். தொழிற்சாலை விமானத்தில் எங்கே கால் வைப்பது, எதன் மேல் வைப்பது என்பதையெல்லாம் எஞ்சினியர்கள் முடிவெடுத்து, அரசாங்க அதிகாரி பார்த்து ஒப்பமிட்டிருப்பார். வீட்டில் கட்டினவருக்கு அதைத் தீர்மானிக்க அவரைத் தவிர ஆளில்லை.

தொடக்க காலத்தில் இந்தப் பிரச்சினையே இருக்கவில்லை. பிரேசில்காரரான சந்தோஸ் டூமோன் பாரிஸில் இருந்துகொண்டு 1907 முதல் 1909 வரை திருத்தித் திருத்திச் செய்த 'டெமுவாசெல்' என்ற குட்டி விமானத்தில் இறக்கை தலைக்கு மேலே இருந்தது. மூங்கில் உடம்பு. பைலட் அடியில் ஒரு துணித் தொட்டிலில் குந்துவார். அவர் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை, விரும்பினவர் கட்டிக்கொள்ளட்டும் என்று வரைபடத்தை விட்டுவிட்டார். 1910இல் 'பொப்பியுலர் மெக்கானிக்ஸ்' சஞ்சிகை அதை வெளியிட்டது. வீட்டில் விமானம் கட்டுகிற பழக்கத்துக்கு ஒரு தொடக்கம் சொல்ல வேண்டுமென்றால் நாங்கள் இதைத்தான் சொல்லுவோம். மினசோட்டா மாநிலத்தின் செரி குரோவ் என்ற ஊரில் பேர்னார்ட் பீட்டன்போல் 1929இல் ஃபோர்ட் மொடல் ஏ கார் எஞ்சினைப் பூட்டிப் பறக்கவிட்ட 'எயர் கேம்பர்' விமானத்திலும் இறக்கை தலைக்கு மேலேதான். அதில் முன் சீற்றுக்குள் போகிறவர் கம்பிகளுக்கும் தாங்குகட்டைகளுக்கும் நடுவில் உடம்பை மடக்கி நுழைய வேணும். கஷ்டம்தான், ஆனால் இறக்கையை மிதிக்கிற தேவை வராது.

மிதிக்க வேண்டி வந்தது இரட்டை இறக்கை விமானங்களில். கீழ் இறக்கையில் ஏறித்தான் உள்ளே போகலாம். அந்த இறக்கையோ மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சுப் பூசின துணி. கால் தவறினால் துணி கிழிந்து முழங்கால் வரை உள்ளே போய்விடும். ஆகவே உடம்பை ஒட்டிய ஒடுங்கின ஒரு துண்டில் மட்டும் பலகை அடித்து, அதற்கு மேல் வழுக்காத பரப்புப் போட்டார்கள். டைகர் மொத், ஸ்டியர்மன் போன்ற பயிற்சி விமானங்களில் இன்றைக்கும் இதைக் காணலாம். இதே காலத்தில்தான் காசுக்காகப் பறந்துகொண்டே இறக்கையில் நடந்து காட்டின சாகசக்காரர்களும் இருந்தார்கள். ஓமர் லொக்லியர் அவர்களில் பேர்போனவர். அவர் செத்தது இறக்கையில் இருந்து விழுந்து இல்லை, 1920இல் சினிமாப் படப்பிடிப்பு ஒன்றில் விமானம் விழுந்து. நாங்கள் கதைக்கிற நடை அந்த நடை இல்லை. எஞ்சின் நிண்டு, விமானம் தரையில் நிக்கும்போது ஒருத்தர் ஏறி இறங்குகிற சாதாரண நடை.

பிறகு உலோகம் வந்தது. 1919இல் ஜேர்மனியில் பறந்த யுங்கர்ஸ் எஃப் 13, முழுக்க உலோகத்தால் செய்த பயணிகள் விமானம். இறக்கை கீழே, பயணிகள் அதன் மேல் ஏறித்தான் கதவுக்குப் போவார்கள். அதன் தகடு நெளிநெளியாக மடித்தது, அந்த நெளிவே தகட்டுக்குப் பலம். பிறகு வந்த விமானங்களில் வேகத்துக்காக அந்த நெளிவுகள் போய், வழுவழுப்பான தட்டைத் தகடு வந்தது. பெயின்ட் அடிச்ச அலுமினியத் தகட்டில் பனியோ மழையோ ஒயிலோ பட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இறக்கை பின்பக்கமாகச் சரிந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. ஏறும்போது வழுக்கினால் கைப்பிடி இருக்கும், முன்னுக்கு விழுவீர்கள். ஆபத்து இறங்கும்போதுதான்.

இங்கே ஒரு முரண்பாடு இருக்கு. கால் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பு வேணும். காற்று இறக்கையை ஒட்டி ஓடச் சொரசொரப்பு இருக்கக் கூடாது. அமெரிக்காவின் நாக்கா ஆய்வுக்கூடம், நாசாவின் முன்னோடி நிறுவனம், இறக்கை மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தபோது ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகப் பார்த்தது. ஒன்று மினுக்கின நிலையில். மற்றது, முன் ஓரத்தில் 0.011 அங்குலப் பருமனான கார்போரண்டம் துகள்களை வேணுமென்றே ஒட்டி. துகள் ஒட்டினதில் இழுவை கூடியது, இறக்கை தாங்கக்கூடிய உச்சத் தூக்குவிசை குறைந்தது. சேதப்பட்ட இறக்கை எவ்வளவு மோசமாக நடக்கும் என்று அறிய ஆய்வாளர்கள் பயன்படுத்தினது, கால்பட்டையில் நாங்கள் ஒட்டுகிற அதே மாதிரியான துகளைத்தான். இரண்டாம் உலகப் போரின் பி-51 மஸ்டாங் விமானத்தின் இறக்கையில் முன்பகுதித் தகடுகளின் இணைப்புகளைப் பசை பூசி அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடிச்சு அனுப்பினார்கள். அவ்வளவு கவனம். கால்பட்டையை ஏன் இறக்கையின் முன் ஓரத்தில் தொடங்காமல் சற்றுப் பின்னுக்குத் தொடங்குகிறார்கள் என்பதற்கும் விடை இதில்தான் இருக்கு.

இனி சட்டத்துக்கு வருவோம். 1933இல் பிரான்ஸில் ஒன்ரி மின்யே என்பவர் 'பூ டு சியெல்', அதாவது 'வானத்துப் பேன்', என்ற விமானத்தைப் பறக்கவிட்டார். அடுத்த ஆண்டே அதைக் கட்டுவது எப்பிடி என்று புத்தகமும் எழுதினார். ஐரோப்பா முழுக்கத் தச்சர்கள், மெக்கானிக்குகள், வாத்திமார் என்று பலர் கட்டத் தொடங்கினார்கள். பிறகு விழத் தொடங்கினார்கள். காற்றுச் சுரங்கத்தில் சோதித்துப் பார்த்தபோது காரணம் தெரியவந்தது: முன்னும் பின்னுமாக இருந்த இரண்டு இறக்கைகளும் ஒன்றின் காற்றோட்டத்தில் ஒன்று குறுக்கிட்டன. குறிப்பிட்ட ஒரு சரிவுக்கு மேல் மூக்குக் குத்திவிட்டால், பைலட் கட்டுப்பாட்டுத் தடியை எவ்வளவு இழுத்தாலும் அது நிமிராது. பிரான்ஸும் பிரித்தானியாவும் 1936இல் பறப்பை நிறுத்தின. மின்யே ஏமாற்றுக்காரர் இல்லை. தன்னுடைய விமானத்தில் தானே பறந்தவர். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் புத்தகம் வாங்கினவர்கள் உயிர் கொடுத்தார்கள். வீட்டில் கட்டுகிறவர்களை அரசாங்கங்கள் சந்தேகமாகப் பார்த்ததை அதற்குப் பிறகு முழுக்கப் பிழை என்று சொல்ல எங்களால் ஏலாது.

அமெரிக்காவிலும் 1930களில் மாநிலத்துக்கு மாநிலம் கதவு மூடப்பட்டது. ஒரிகன் மாநிலம் மட்டும் தன் சொந்த லைசன்ஸ் முறையை வைத்துக்கொண்டு, வீட்டில் கட்டின விமானங்களைப் பறக்க விட்டது. பீவர்டன் என்ற ஊரின் சின்ன விமானத்திடலில் கூடின ஒரு குழுவுக்கு 'பீவர்டன் சட்டவிரோதிகள்' என்றே பட்டப்பெயர். அவர்களில் ஒருவர் ஜோர்ஜ் பொகார்டஸ். போர் முடிந்த பிறகு, 1947இல், 'லிட்டில் ஜீ பீ' என்ற ஒற்றை ஆள் விமானத்தில், திறந்த கொக்பிட்டில், ஒரிகனில் இருந்து வாஷிங்டன் வரை, நாட்டின் ஒரு கரையில் இருந்து மறுகரைக்குப் பறந்தார். அதிகாரிகளுக்குக் காட்ட. வீட்டில் கட்டினது இவ்வளவு தூரம் பறக்கும் என்று கடிதத்தில் எழுதினால் நம்பமாட்டார்கள், கொண்டுபோய் முன்னால் நிறுத்தினால் மறுக்க ஏலாது. 1949இலும் 1951இலும் திரும்பவும் போனார். அந்த ஆண்டுகளில்தான் பொழுதுபோக்குக்காகவும் கல்விக்காகவும் தாங்களே கட்டுகிறவர்களுக்கென்று 'பரிசோதனை' வகைக்குள் ஒரு தனி இடம் விதிகளில் உருவானது. லிட்டில் ஜீ பீ தாழ்ந்த இறக்கை விமானம். ஏறி உட்கார இறக்கையின் அடியில்தான் கால் வைக்க வேணும். இப்ப அது வேர்ஜினியாவில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் கட்டடத்தில் இருக்கு, ஆரும் மிதிக்காமல்.

1953இல் மில்வோக்கியில் போல் பொபரெஸ்னி என்பவர் தொடங்கின பரிசோதனை விமானச் சங்கம், 1955இல் 'மெக்கானிக்ஸ் இலஸ்ட்ரேட்டட்' சஞ்சிகையில் வந்த 'பேபி ஏஸ்' வரைபடம் என்று கதை அதற்குப் பிறகு வேகமாக ஓடும். ஒன்றை மட்டும் நின்று பார்க்க வேணும். இந்த வகை விமானங்களில், ஏறுகிற வாசலுக்குப் பக்கத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற சொல்லை 2 முதல் 6 அங்குல உயர எழுத்தில் எழுத வேணும் என்பது விதி. பயணிக்குத் தெரியும்படி உள்ளேயும் ஒரு எச்சரிக்கைத் தகடு: இது ஆர்வலர் ஒருவர் கட்டினது, தொழிற்சாலை விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதில்லை என்று. அதாவது கால்பட்டையில் முதல் அடி வைக்கிற அந்த இடத்தில்தான் சட்டம் பயணியைப் பார்த்து, 'இது பரிசோதனை, பிறகு சொல்லவில்லை எண்டு சொல்லாதே' என்கிறது. விதி அந்த எழுத்தின் உயரத்தைச் சொல்லுது. கால் எதன் மேல் படுகிறது என்பதைக் கட்டினவர் கையில் விட்டுவிடுகிறது.

கால்பட்டை வீட்டில் கட்டுகிறவர்களுக்குப் பரவலான பிரச்சினையானது இன்னொரு ஒரிகன்காரரால். ரிச்சர்ட் வான்குருன்ஸ்வன் 1971இல் பறக்கவிட்ட ஆர்வி-3 ஒற்றை ஆள் விமானம், முழுக்க அலுமினியம், இறக்கை கீழே. 1980களின் நடுவில் வந்த ஆர்வி-6இல் இருவர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். அவருடைய நிறுவனம் பாகங்களைப் பெட்டியில் போட்டு அனுப்பும், வாங்கினவர் ஆயிரக்கணக்கான ஆணி அறைந்து பூட்டுவார். இன்றைக்கு 10,000க்கும் மேற்பட்ட ஆர்வி விமானங்கள் பறந்திருக்கின்றன. பக்கத்துச் சீற்றில் மனைவியோ பிள்ளையோ சிநேகிதரோ ஏற வேணும், ஏற வேண்டியது இறக்கை வழியாக.

இறக்கைத் தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உடம்பை ஒட்டின பகுதியில் மட்டும் உள்ளே விலாச் சட்டங்களை நெருக்கமாக வைத்து, மிதி தாங்குகிற மாதிரிச் செய்திருப்பார்கள். பட்டை பூசுவது வழுக்காமல் இருக்க மட்டுமில்லை, 'இதற்குள்ளே மட்டும்' என்று எல்லை கீறவும்தான். எல்லைக்கு வெளியே ஒரு குதி அழுத்தினால் தகடு பள்ளம் விழும். பல மாத உழைப்பு.

சரி, எதைப் போடுவது? முதலில் நினைவுக்கு வருவது துகள் ஒட்டின டேப். படிக்கட்டுகளில் ஒட்டுவது. 3எம் நிறுவனத்தின் 'சேஃப்டி வோக்' இதில் பேர்போனது. அந்த நிறுவனத்தின் கதையும் இதற்குள் சும்மா வந்து விழுது: 1902இல் மினசோட்டாவில் தேய்ப்புக்கல்லுக்கான கொரண்டம் தோண்டலாம் என்று தொடங்கி, தோண்டினது கொரண்டமே இல்லை என்று கண்டுபிடித்து, பிறகு சாண்ட்பேப்பர் செய்யப் போனவர்கள். டேப் ஒட்டுவது லேசு, தேய்ஞ்சால் உரித்துவிட்டுப் புதுசு ஒட்டலாம். ஸ்கேட்போர்டில் ஒட்டுகிற டேப்பை வாங்கி ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அது இன்னும் மலிவு. குறை என்னவென்றால் ஓரம். டேப்பின் மூலையைக் கூராக வெட்டினால் அதில்தான் சப்பாத்து முதலில் தட்டும், காற்றும் மழையும் அதில்தான் உள்ளே போகும். அதால மூலைகளை வளைவாக வெட்ட வேணும், உருளையால் அழுத்த வேணும், கவனமான ஆக்கள் ஓரத்தைச் சுற்றிப் பூச்சும் பூசுவார்கள். கிளம்பின ஓரத்துக்குள் தண்ணி நின்றால் அடியில் அலுமினியம் ஆருக்கும் தெரியாமல் அரிக்கத் தொடங்கும். பழைய தொழிற்சாலை விமானங்களில் ஒட்டின வரிவரியான ரப்பர் விரிப்புகளுக்கும் இதே வருத்தம்தான், வெயிலில் வெடித்து அடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

இரண்டாவது, பெயின்டோடு துகள் கலந்து பூசுவது. நுண்ணிய மணல், பியூமிஸ் கல்தூள், அரைத்த வால்நட் கோது என்று பலவிதம். ஈரப் பெயின்டில் தூவி, காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சுப் பூசினால் துகள் கழராது. சுற்றி மறைக்க ஒட்டுகிற மாஸ்கிங் டேப்பும் அதே 3எம்காரர் 1925இல் கார்களுக்கு இரண்டு நிறம் அடிக்கிறவர்களுக்காகக் கண்டுபிடித்ததுதான். இந்தப் பூச்சுக்கு ஓரம் இல்லை, தண்ணி போக வழி இல்லை. ஆனால் சமமாகத் தூவக் கை பழக வேணும், பிழைச்சால் சுரண்டி எடுக்கிறது பெரும்பாடு. படகு கட்டுகிறவர்களிடம் ஒரு வழி இருக்கு, எங்களுக்கு மிகவும் பிடிச்சது: ஈரப் பெயின்டில் சீனியைத் தூவுவார்கள். பெயின்ட் காய்ஞ்ச பிறகு தண்ணியால் கழுவினால் சீனி கரைந்துபோய், அதன் குழிகள் மட்டும் மிஞ்சும். காலுக்குப் பிடிப்பு இருக்கும், முழங்காலை உரசாது. உப்பிலும் இதைச் செய்யலாம், ஆனால் அலுமினியத்துக்குப் பக்கத்தில் உப்பைக் கொண்டுபோகிறது புத்தியில்லை.

முழங்கால் விசயம் பகிடி இல்லை. இந்த விமானங்களில் ஏறுகிறவர்கள் எல்லாரும் இருபது வயதுக்காரர் இல்லை. சிலர் இறக்கையில் முழங்காலூன்றித்தான் உள்ளே போவார்கள். எண்ணெய் பார்க்கவும் கண்ணாடி துடைக்கவும் கட்டினவரே அதில் குந்த வேண்டி வரும். கூரான துகள் சப்பாத்தைப் பிடிக்கும், அதே பிடி தோலையும் உடுப்பையும் உரிக்கும். அதால துகளே இல்லாத, ரப்பர் மாதிரி மெத்தென்ற டேப்பைத் தேடுகிறவர்களும் உண்டு.

நிறமும் யோசிக்க வேண்டிய விசயம். அலுமினியத்தில் கறுப்புப் பட்டை வெயிலில் சூடேறும், கை வைத்தால் சுடும், அவ்வளவுதான். ஆனால் 1975இல் பேர்ட் ரூட்டனின் 'வேரிஈஸி'யோடு பரவின இன்னொரு கட்டும் முறை இருக்கு: நுரைத்துண்டை இறக்கை வடிவத்தில் வெட்டி, அதன் மேல் கண்ணாடி இழையையும் பிசினையும் பூசிக் கட்டுவது. அந்தப் பிசின் கூடின சூட்டில் இளகும் என்பதால் இப்படியான விமானங்களை வெள்ளையாகவே அடிப்பார்கள். அங்கே கால் ஊன்றுகிற இடத்தைக் கறுப்பாக்கினால், பாரம் விழுகிற அதே இடத்தைத்தான் சூடாக்குகிறோம். வெளிர் நிறமோ, நிறமில்லாத துகள் டேப்போதான் சரி. தொழிற்சாலை விமானத்தின் படத்தைப் பார்த்து அப்பிடியே கறுப்பு ஒட்டினால் மாட்டுப்படுகிற இடம் இது.

எங்களைக் கேட்டால், வெளியில் மழையில் நிக்கிற அலுமினிய விமானத்துக்குத் துகள் பெயின்ட் என்போம், கொட்டிலுக்குள் நிக்கிறதுக்கு வளைவாக வெட்டி ஒட்டின டேப் போதும். நாங்கள் ஒருத்தரும் விமானம் கட்டப் போறதில்லை என்பதால் இந்தத் தீர்ப்பை லேசாகச் சொல்லலாம். கட்டினவர் அதில் தன் தாயை ஏற்றப் போகிறவர்.

பட்டை எங்கே முடிகிறது என்பது கடைசிச் சிக்கல். பின்னுக்கு இறக்கையின் ஓரத்தில் ஃபிளாப் இருக்கு, தரை இறங்கும்போது கீழே மடிகிற பாகம். ஏறுகிறவரின் முதல் அடி இயல்பாகவே அதில்தான் விழப் பார்க்கும். பைப்பர் செரோக்கி என்ற தொழிற்சாலை விமானத்தில் ஃபிளாப் மேலே இருக்கும்போது பூட்டிக்கொண்டு பாரத்தைத் தாங்கும், கால்பட்டையும் வலப்பக்கத்தில் அதன் மேலாகவே போகும், கதவும் அந்தப் பக்கம் மட்டும்தான். ஆர்வி விமானங்களில் அப்பிடி மிதிக்க ஏலாது. அங்கே பட்டை ஃபிளாப்புக்கு முன்னால் நின்றுவிடும், ஏற உடம்பில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு சின்னப் படி இருக்கும். 'மிதிக்காதே' என்று எழுதி ஒட்டுவார்கள், ஆரும் வாசிக்கிறதில்லை. அதால ஆர்வி வைத்திருக்கிற பலர் விமானத்தை நிறுத்தினதும் ஃபிளாப்பைக் கீழே இறக்கி விட்டுவிட்டுத்தான் எஞ்சினை நிப்பாட்டுவார்கள். சரிந்து தொங்குகிற ஒன்றில் கால் வைக்க ஆருக்கும் மனம் வராது.